பிளான் ஃபைல் திறக்கவில்லையா? பழுது பார்ப்பதா, பழைய நகலை எடுப்பதா, மறுபடி வரைவதா

"அண்ணாச்சி, டிராயிங் தொறக்க மாட்டேங்கு." கட்டட பிளான் வரையும் சாஃப்ட்வேரான ஆட்டோகேட் ஓடுகிற எந்த ஆபீசிலும் காதில் விழுகிற பேச்சுதான். ஆனால் இதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம். கரண்ட் போய், சேவ் பண்ணாத வேலை போயிருக்கலாம். சேவ் பண்ணிய ஃபைலே கெட்டிருக்கலாம். ஃபைல் அழிந்தோ, அது இருந்த டிஸ்க் படுத்தோ போயிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் மிச்சம் இருந்த நல்ல நகலும் கையை விட்டுப் போகும்.

நெல்லையில் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் பிளான் போடும் ஆபீஸ்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஃபைல் திறக்காவிட்டால் உடனே ஆட்டோகேடின் ரெக்கவர் கட்டளை, அது தோற்றால் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு சாஃப்ட்வேர், அதுவும் தோற்றால் உட்கார்ந்து மறுபடி வரைவது. எங்கள் கணக்கில் இந்த வரிசை தலைகீழ். முதலில் நகல் தேட வேண்டும், பிறகுதான் பழுது பார்க்க வேண்டும். மறுபடி வரைவது பல சமயம் மற்ற எல்லாவற்றையும் விட மலிவு.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கெட்ட ஃபைலையும், அதே ஃபோல்டரில் அதே பெயரில் இருந்து பி, ஏ, கே என்று முடியும் பேக் ஃபைலையும், விண்டோஸின் தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரில் உள்ள தானியங்கிச் சேமிப்பு ஃபைல்களையும் வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். எந்தச் சோதனையானாலும் அந்த நகல்களில் மட்டும். காரணம் இருக்கிறது. பேக் ஃபைல் என்பது நீங்கள் கடைசியாக சேவ் பண்ணுவதற்கு முந்தைய நிலை. கெட்ட டிராயிங் எப்படியோ திறந்துவிட்டது என்று மகிழ்ந்து கன்ட்ரோல்-எஸ் ஒரு தடவை அழுத்தினால், அந்தக் கெட்ட நிலையே பேக் ஆகிவிடும். நல்ல பேக் மேலெழுதப்பட்டுப் போகும்.

இன்னொன்று: டெம்ப் ஃபோல்டரைத் துடைக்கும் எந்த கிளீனரையும் அன்றைக்கு ஓடவிடாதீர்கள். விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியும் டெம்ப் ஃபைல்களை அழிக்கும். கம்ப்யூட்டர் 'ஸ்லோவா இருக்கு' என்று யாராவது நல்லெண்ணத்தில் டெம்ப்பைக் காலி செய்வதால் போகிற டிராயிங்குகள் கொஞ்சமல்ல.

நோட்பேடில் ஒரு பார்வை

பழுது பார்க்கலாமா, வேண்டாமா என்பதை அரை நிமிடத்தில் சொல்லும் சோதனை இது. கெட்ட ஃபைலின் நகலை வலது கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். உள்ளே புரியாத குறிகளாகத்தான் இருக்கும். ஆனால் முதல் ஆறு எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏசி1015 என்றால் 2000 முதல் 2002 வரையிலான ஆட்டோகேட் வடிவம். ஏசி1018 என்பது 2004 வடிவம், ஏசி1021 என்பது 2007, ஏசி1024 என்பது 2010. ஏசி1027 என்றால் 2013 வடிவம், 2017 பதிப்பு வரை இதுதான். ஏசி1032 என்றால் 2018 வடிவம், அதற்குப் பிறகு வந்த பதிப்புகளும் இதையே எழுதுகின்றன.

இங்கேயே பாதி வழக்கு முடிந்துவிடும். உங்களிடம் இருப்பது ஆட்டோகேட் 2016, சென்னை கன்சல்டன்ட் அனுப்பிய ஃபைலில் ஏசி1032 என்று இருந்தால் ஃபைலுக்கு ஒரு கேடும் இல்லை. உங்கள் பதிப்பு பழசு, அவ்வளவுதான். ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் 2013 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது ஜிப் ஃபைல், யாரோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்று தொடங்கினால் அது பிடிஎஃப்.

திறந்ததும் வெற்றிடமாகவே வந்தால்தான் உண்மையான சிக்கல். ஃபைல் அளவு 3 எம்பி என்று காட்டும், உள்ளே ஆரம்பம் முதல் கடைசி வரை பூச்சியம். சேவ் ஆகிக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போனால் இப்படி ஆகும்: விண்டோஸ் ஃபைலுக்கு இடம் ஒதுக்கிவிட்டது, உள்ளடக்கம் டிஸ்க்கில் இறங்கவில்லை. ஐப்பசி சாயங்காலத்து இடிக்கு கரண்ட் போய்வரும் நம் பக்கத்தில் இது அடிக்கடி பார்க்கிற வகை. இப்படிப்பட்ட ஃபைலை எந்த ரெக்கவர் கட்டளையாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. உள்ளே ஒன்றுமில்லை. நேரே நகல் தேடும் வேலைக்குப் போங்கள்.

பேக் ஃபைலா, தானியங்கிச் சேமிப்பா?

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒன்றல்ல.

பேக் ஃபைல் டிராயிங் இருக்கும் ஃபோல்டரிலேயே இருக்கும். ஐசேவ்பேக் என்ற அமைப்பு 1 ஆக இருக்கும்வரை ஒவ்வொரு சேவுக்கும் உருவாகும். தானியங்கிச் சேமிப்பு ஃபைல் டெம்ப் ஃபோல்டரில் இருக்கும். அதன் பெயர் டிராயிங் பெயரில் தொடங்கி, சில எண்களோடு நீண்டு, எஸ், வி, டாலர் குறி என்று முடியும். சேவ்டைம் அமைப்பில் உள்ள நிமிடக் கணக்குப்படி அது எழுதப்படும். மாற்றாமல் விட்டிருந்தால் 10 நிமிடம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4:10க்கு ஒரு சேவ், 4:40க்கு ஒரு சேவ், 5:05க்கு கரண்ட் போனது. டிராயிங் ஃபைலில் 4:40 நிலை இருக்கும். பேக்கில் 4:10 நிலை. தானியங்கிச் சேமிப்பு, நீங்கள் கையால் சேவ் செய்தபின் வரும் முதல் மாற்றத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 4:41க்கு வரையத் தொடங்கியிருந்தால் ஏறத்தாழ 5:01 நிலை அதில் கிடைக்கும். ஆக, சேவ் பண்ணாத வேலை போனால் தானியங்கிச் சேமிப்பு. சேவ் பண்ணிய ஃபைலே கெட்டால் இரண்டையும் எடுத்து, நேரத்தைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்கி ஒரு தடவைகூட பெயர் கொடுத்து சேவ் பண்ணாத டிராயிங்குக்கு பேக் கிடையாது, தானியங்கிச் சேமிப்பு ஒன்றே கதி.

எடுக்கும் முறை எளிது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். அது இல்லாமல் பெயரை மாற்றினால் ஃபைல் பெயர்தான் நீளும், வகை மாறாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிறகு நகலின் கடைசி எழுத்துகளை, ஆட்டோகேட் டிராயிங்கின் வகைப் பெயரான டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து, வேறு பெயரில் சேவ் பண்ணுங்கள். டெம்ப் ஃபோல்டர் எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்டோகேட் கமாண்ட் லைனில் சேவ்ஃபைல்பாத் என்று கொடுங்கள், பாதையை அதுவே சொல்லும்.

ஆட்டோகேட் தானாக மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தேடலும் வேண்டியதில்லை. அடுத்த தடவை திறக்கும்போது டிராயிங் ரெக்கவரி மேனேஜர் பக்கத்தில் வந்து நிற்கும். டிராயிங் பெயருக்குக் கீழே அசல், பேக், தானியங்கிச் சேமிப்பு மூன்றையும் நேரத்தோடு காட்டும். அவசரத்தில் அதை மூடிவிட்டிருந்தால் டிராயிங்ரெக்கவரி என்ற கட்டளை மறுபடி கொண்டுவரும்.

இந்த வழி எடுபடாத இடம் ஒன்று உண்டு. ஆட்டோகேடை முறையாக மூடி, 'சேவ் பண்ணவா?' என்று கேட்டதற்கு 'நோ' கொடுத்திருந்தால் தானியங்கிச் சேமிப்பு ஃபைல் அப்போதே அழிக்கப்பட்டுவிடும். கரண்ட் போனவருக்குக் கிடைப்பது, அவசரத்தில் 'நோ' அழுத்தியவருக்குக் கிடைக்காது.

பழுது பார்ப்பது: எந்தக் கட்டளை எதற்கு

நோட்பேடில் ஏசி10 என்று தொடங்குகிறது, பேக்கும் இல்லை, அல்லது இருப்பது மிகப் பழசு. அப்போது இந்த வழிக்கு வாருங்கள்.

ஃபைல் திறக்கிறது, ஆனால் திணறுகிறது, சில பொருள்களைத் தொட்டால் ஆட்டோகேட் மூடிக்கொள்கிறது என்றால் ஆடிட். பிழைகளைத் திருத்தவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். பிழை எண்ணிக்கை பூச்சியம் என்று வரும்வரை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். ஃபைல் திறக்கவே இல்லை என்றால் ரெக்கவர். அது திறக்கும்போதே ஆடிட்டையும் சேர்த்துச் செய்யும். வெளி ஃபைல்கள் எக்ஸ்ரெஃப் ஆக இணைந்திருந்தால் ரெக்கவர்ஆல். அசல் ஃபைலில் ஒன்றும் இல்லாமல், இணைந்த எக்ஸ்ரெஃபில் கோளாறு இருப்பதும் உண்டு.

ரெக்கவர் வெற்றி என்று சொன்னதும் நம்பிவிடக் கூடாது. திருத்த முடியாத பொருளை அது அழித்துவிட்டுத்தான் 'சரியாகிவிட்டது' என்கிறது. கமாண்ட் லைனை எஃப்2 அழுத்தி விரித்து, எத்தனை பொருள்கள் அழிக்கப்பட்டன என்று பாருங்கள். கதவு, ஜன்னல் பிளாக்குகள், டைமென்ஷன்கள், ஹேட்ச், லேஅவுட் டேப்கள் எல்லாவற்றையும் பழைய பிரின்ட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு ஃபுட்டிங் டீட்டெய்லில் கம்பியின் குறிப்பு ஒன்று காணாமல் போய், அதே டிராயிங் சைட்டுக்குப் போனால் அந்த நஷ்டத்துக்கு முன்னால் மறுபடி வரையும் செலவு ஒன்றுமே இல்லை.

ரெக்கவர் தோற்றால் அடுத்தது இன்சர்ட். வெற்று டிராயிங் ஒன்றைத் திறந்து, கெட்ட ஃபைலை பிளாக்காக உள்ளே கொண்டுவாருங்கள்: இன்சர்ஷன் புள்ளி 0,0, ஸ்கேல் 1, ரொட்டேஷன் 0, எக்ஸ்ப்ளோட் டிக். வரையும் இடமான மாடல் ஸ்பேஸ் மட்டும் வரும், பிரின்ட்டுக்கு அமைத்த லேஅவுட்கள் வராது. அளவை உடனே சரிபாருங்கள். வெற்று டிராயிங்கின் அலகு மில்லிமீட்டராகவும் கெட்ட பிளான் அடி-அங்குலத்திலும் இருந்தால், இன்சர்ட் செய்யும்போதே எல்லாம் 25.4 மடங்கு பெரிதாகி வந்துவிடும். அதற்கு முன்பே வெற்று டிராயிங்கின் அலகை, அதாவது இன்சுனிட்ஸ் அமைப்பை, கெட்ட பிளானின் அலகுக்கு மாற்றி வைப்பது நல்லது.

ஃபைல் திறக்கிறது, ஆனால் எங்கோ ஒரு மூலையில் கோளாறு என்றால் டபிள்யூபிளாக் சிறந்தது. டிராயிங்கில் பாதியைத் தேர்ந்தெடுத்து டபிள்யூபிளாக்கில் புது ஃபைலாக எழுதுங்கள். நன்றாகத் திறந்தால் கோளாறு மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். நாலைந்து சுற்றில் கெட்ட பொருள் எதுவென்று பிடிபட்டுவிடும். பெரும்பாலும் எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டிய ஃபர்னிச்சர் பிளாக்கோ எலிவேஷன் அலங்காரமோதான் அகப்படும்.

இவை எல்லாம் தோற்றால் வேறு சாஃப்ட்வேரின் கண்ணால் பார்க்க வேண்டும். ஆட்டோகேட் மறுக்கும் ஃபைலை பிரிக்ஸ்கேட் திறப்பதுண்டு, அதற்கு 30 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது. அதைவிட முதலில் முயல வேண்டியது ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர். ஓப்பன் டிசைன் அலையன்ஸ் இலவசமாகத் தருவது. உள்ளீட்டு ஃபோல்டர், வெளியீட்டு ஃபோல்டர், எந்தப் பதிப்பு வேண்டும் என்று கொடுத்து, ஆடிட் என்ற பெட்டியை டிக் செய்து ஓட்டுங்கள். ஒருமுறை டிஎக்ஸ்எஃப் ஆகவும் எடுத்துப் பாருங்கள். டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்து வடிவம் என்பதால், திறக்கும்போது எந்த வரியில் பிழை என்பதை ஆட்டோகேட் எண்ணோடு சொல்லும்.

காசு கேட்கும் பழுதுபார்ப்பு சாஃப்ட்வேர்கள் கடைசி. சோதனைப் பதிப்பில் என்னென்ன மீளும் என்று முன்பார்வை காட்டினால் மட்டும் வாங்குங்கள். கோடு, வட்டம், எழுத்து வந்துவிடும். டைனமிக் பிளாக்கும் 3டி சாலிடும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபைலை ஏற்றினால் சரிசெய்து தருகிறோம் என்னும் இணையதளங்களில் வாடிக்கையாளரின் வீட்டு பிளானையும் சர்வே எண்ணையும் ஏற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இடையே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் ஆட்டோகேடை மூடவைக்கிறதா? வேறு கம்ப்யூட்டரில் நன்றாகத் திறந்தால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர். கிராஃபிக்ஸ்கான்ஃபிக் கட்டளையில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் நகல்கள்

ஒரு பிளான் ஃபைல் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது அபூர்வம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக இன்ஜினியருக்கு அனுப்பியிருப்பீர்கள், அவர் போனில் இருக்கும். மெயிலின் அனுப்பியவை பகுதியில் இருக்கும். ஏ1 பிரின்ட் எடுத்த பிளாட்டர் கடையின் டெஸ்க்டாப்பில், உங்கள் பென் டிரைவிலிருந்து இழுத்துப்போட்ட நகல் இன்னும் கிடக்கலாம். ஆட்டோகேடில் மல்லுக்கட்டும் முன் இந்த மூன்று இடங்களிலும் தேடிவிடுவது உத்தமம்.

டிராயிங் கிடைக்காமல் பிடிஎஃப் மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை, அது ஆட்டோகேடிலிருந்தே எடுத்ததாக இருந்தால். பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு கூர்மையாகவே இருந்தால் வெக்டர், மங்கிக் கட்டம் கட்டமானால் ஸ்கேன். வெக்டர் பிடிஎஃப்பை ஆட்டோகேட் 2017 முதல் உள்ள பிடிஎஃப்இம்போர்ட் கட்டளை கோடுகளாகவே கொண்டுவந்துவிடும். பிறகு தெரிந்த ஓர் அளவை, சொல்லப்போனால் 10 அடி அறைச் சுவரை வைத்து, ஸ்கேல் கட்டளையின் ரெஃபரன்ஸ் வழியாக அளவைச் சரிசெய்யுங்கள். ஆட்டோகேடின் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருவில் இருந்த எழுத்துகள் வெறும் கோடுகளாக வரும், அவற்றை பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ்டெக்ஸ்ட் ஓரளவு திரும்ப எழுத்தாக்கும். டைமென்ஷன்கள் உயிரற்ற கோடுகளாகத்தான் இருக்கும், புதிதாகப் போட வேண்டும். அப்படியும் வெற்றுத் திரையில் தொடங்குவதை விட இது எவ்வளவோ மேல்.

ஸ்கேன் பிரதிதான் இருக்கிறது என்றால் அதைப் படமாகக் கீழே வைத்து மேலே வரைவதுதான். இங்கே எந்த மந்திரமும் இல்லை.

டிஸ்க்கே போனால்

ஹார்ட் டிஸ்க்கில் அழிந்த ஃபைலை ரெக்கூவா, ஃபோட்டோரெக் போன்றவற்றால் தேடலாம். அவற்றை அழிந்த ஃபைல் இருந்த டிரைவிலேயே நிறுவக் கூடாது, மீட்ட ஃபைலையும் அங்கேயே எழுதக் கூடாது. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. டிரிம் என்ற வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே காலியாக்கிவிடும்.

பென் டிரைவை எஜெக்ட் பண்ணாமல் பிடுங்கி, விண்டோஸ் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்டு, அதன்பின் டிராயிங் காணவில்லை என்றால் ஃபவுண்ட்.000 என்ற ஒளிந்த ஃபோல்டரைப் பாருங்கள். அதில் சிஹெச்கே என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொன்றின் நகலையும் நோட்பேடில் திறந்து, ஏசி10 என்று தொடங்குவதை டிடபிள்யூஜி என்று பெயர் மாற்றுங்கள். மேலே சொன்ன ஆறு எழுத்துச் சோதனை இங்கேயும் கைகொடுக்கும்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, நனைந்திருந்தாலோ கரண்ட் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, தரையில் வைத்த சிபியு எத்தனை கடைகளில் மூழ்கியது என்பதை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைப்பதும், அரிசிக்குள் புதைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் தவறு. சேற்றுத்தண்ணீர் காய்ந்தால் தட்டில் படிவு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு காற்றுப்புகாத பையில் போட்டு, சென்னை அல்லது பெங்களூரில் உள்ள மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு கடுமையாக இருக்கும். ஒரே ஒரு பிளானுக்காக யாரும் அதைச் செய்ய வேண்டாம். பத்து வருட வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது என்றால் யோசிக்கலாம்.

எப்போது கைவிடுவது

30க்கு 40 மனையில் இரண்டு மாடி வீடு, பிளான், எலிவேஷன், ஒரு செக்ஷன். அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேனுக்கு, கையில் பிரின்ட் இருந்தால் ஒன்று முதல் இரண்டு நாள் வேலை. இதற்கு மீட்பு முயற்சி இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கட்சி. பேக், தானியங்கிச் சேமிப்பு, வெளியே நகல் இருக்கும் மூன்று இடங்கள், ரெக்கவர், இன்சர்ட், ஓடிஏ. இவ்வளவும் இரண்டு மணி நேரத்தில் முடியும். அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு மணியும் வரைந்திருக்க வேண்டிய மணி.

சர்வே டிராயிங் கெட்டால் கணக்கு மாறும். குளத்துக் கரையையும் வயல் வரப்பையும் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக அளந்த டிராயிங்கை மறுபடி வரைவதாவது! ஆனால் அங்கே மூலம் டிராயிங் அல்ல, டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியில் இருக்கும் புள்ளிப் பட்டியல். கருவியின் நினைவகத்தையோ, அதிலிருந்து இறக்கிய சிஎஸ்வி ஃபைலையோ அழிக்காமல் வைத்திருந்தால் புள்ளிகளை மறுபடி இறக்கி, கோடுகளை மட்டும் இணைத்தால் போதும். வேலை முடிந்ததும் கருவியைக் காலி செய்யும் பழக்கம் உள்ளவர்கள், டிராயிங் ஒப்படைக்கும் வரையாவது பொறுத்திருங்கள்.

ஸ்ட்ரக்சுரல் டீட்டெய்ல்கள் இரண்டுக்கும் நடுவில். வரைய நேரம் அதிகம் ஆகாது, ஆனால் தப்பு நேர்ந்தால் விலை அதிகம். பாதி மீண்ட ஃபைலை நம்புவதை விட, டிசைன் கணக்குத் தாளை வைத்துப் புதிதாகப் போடுவது நல்லது.

அடுத்த தடவைக்கு

கமாண்ட் லைனில் இப்படி மாற்றி வையுங்கள்: சேவ்டைம் 5. ஐசேவ்பேக் 1. ஐசேவ்பர்சென்ட் 0, ஏனென்றால் இது 50 ஆக இருக்கும்போது ஆட்டோகேட் மாற்றங்களை மட்டும் ஃபைலில் ஒட்டிக்கொண்டே போகும். 0 என்றால் ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலையும் புதிதாக எழுதும். சேவ் கொஞ்சம் மெதுவாகும், ஃபைல் கெடும் வாய்ப்பு குறையும். சேவ்ஃபைல்பாத்தை டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினால் டெம்ப்பைத் துடைப்பவர்களிடமிருந்தும், விண்டோஸை மறுபடி ஏற்றுபவர்களிடமிருந்தும் தப்பிக்கும். பென் டிரைவிலிருந்தே திறந்து வரைவதை நிறுத்துங்கள். யூபிஎஸ்ஸின் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை, மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் சோதித்துப் பாருங்கள்.

மேகச் சேமிப்பில் ஒன்டிரைவின் தனிநபர் கணக்கு ஒரு ஃபைலின் கடைசி 25 பழைய நிலைகளை வைத்திருக்கும். கூகுள் டிரைவ் பொதுவாக 30 நாள் அல்லது 100 நிலைகள் வரை. இரண்டில் எதுவானாலும், டிராயிங் ஃபோல்டரை மட்டும் அதோடு இணையுங்கள். தானியங்கிச் சேமிப்பு ஃபோல்டரை இணைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது இணையத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.